எடை குறைந்தது நல்லதா? வார்டிலிருந்து வீடு திரும்பும் பெரியவர்களின் தசை பற்றி ஒரு விவாத இழை

கேள்வி | 2024 மார்ச் 3

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 71. தோட்டத்தில் பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் பால் எடுத்து, ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகளாக இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. சென்ற மாதம் நிமோனியாவால் வார்டில் சேர்த்திருந்தோம். 64 கிலோவாக இருந்தவர் இப்போது 58 கிலோ. கிளினிக்கில் எடையைப் பார்த்துவிட்டு, நல்லது, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். எடை குறைந்தது நல்லதுதானே, அக்கா?

குறிப்பு | மார்ச் 3, இரவு

நல்லது என்று நான் சொல்லமாட்டேன், தம்பி. 64 கிலோவில் 6 கிலோ என்பது ஒன்பது விழுக்காட்டுக்கு மேல். ஆறு மாதத்துக்குள் ஒருவருடைய எடை தானாகவே ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் அதைச் சத்துக்குறைவின் அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்று, பல நாடுகளின் ஊட்டச்சத்து மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்து 2019இல் வெளியிட்ட கிளிம் வரையறை சொல்கிறது. உங்கள் அப்பா நடந்தும் உணவைக் கட்டுப்படுத்தியும் குறைத்த எடை இது இல்லை. காய்ச்சலும் படுக்கையும் பறித்துக்கொண்ட எடை.

படுக்கை மட்டுமே என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த நோயும் இல்லாத, அறுபதைக் கடந்த சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்தும் அவர்களுடைய கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசைப்பகுதி போய்விட்டது. 2007இல் வந்த முடிவு அது. நோயும் சேர்ந்துகொண்டால் இழப்பு இன்னும் வேகமெடுக்கும். இங்கிலாந்தில் ஐ.சி.யூ.வில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்த 63 நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தபோது, பத்தாம் நாளுக்குள் அதன் குறுக்குவெட்டுப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு சுருங்கியிருந்தது. இது 2013இல் வெளிவந்தது. உங்கள் அப்பா ஐ.சி.யூ.வில் இல்லை, ஆகவே அந்த எண் அவருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் தோளைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்று எழுதினீர்களே, கிலோக் கணக்கைவிட அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சர்க்கரை இறங்கியதைப் பற்றியும் உடனே சொல்லிவிடுகிறேன். குறைவாகச் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் அது அளவுக்கு மீறித் தாழ்ந்து, மயங்கி விழும் நிலைகூட வரலாம். அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல், சாப்பாடு குறைந்துவிட்டது, எடை இறங்கிவிட்டது, மருந்தின் அளவைப் பாருங்கள் என்று டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

குறிப்பு | மார்ச் 4, காலை

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இறங்கிய ஆறு கிலோவும் தசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் நீரும் உண்டு, கொழுப்பும் உண்டு. எது எவ்வளவு என்பதைத் தராசு சொல்லாது. சிலருக்குக் கால் வீங்கி நீர் கோத்துக்கொள்வதால் தசை போனபின்னும் எடை அப்படியே நிற்கும், வீட்டில் இருப்பவர்கள் ஒன்றும் குறையவில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். எடை குறைவதைப் பார்த்து மகிழ்வது எப்படிச் சரியில்லையோ, குறையாததைப் பார்த்து மகிழ்வதும் சரியில்லை.

குறிப்பு | மார்ச் 4, மாலை

தம்பியின் அப்பாவுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) இப்போது 22தான், அளவாகத்தானே இருக்கிறது என்று இன்னொருவர் கீழே எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் நான் சற்று நின்று எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களை இந்த எண் வேறு யாரையும்விட அதிகமாக ஏமாற்றுகிறது.

புனேயில் நீரிழிவை ஆராயும் டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் இருவரும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. கொழுப்பையும் மற்றதையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனில் பார்த்தபோது ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. அதே உயரத்துக்கு அதே எடை இருந்தும் உள்ளே இருந்தது வேறு. இது பிறந்தபின் சோற்றால் வந்த வினை மட்டும் என்றும் சொல்ல முடியாது. புனே வட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, நம் பக்கத்துக் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோவும் அங்குள்ளவை 3.5 கிலோவும் இருந்தன. எடையில் அவ்வளவு வேறுபாடு இருந்தும் தோளுக்குக் கீழே முதுகுப் பக்கத்துத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்திருந்தது தசைதான்.

ஆசிய மக்களுக்கு பிஎம்ஐ 23இலேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும், 27.5இல் ஆபத்து மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னதற்கு இதுவே பின்னணி. நம் நாட்டில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது மற்ற இனத்தாரைவிட மிகுதி என்பது இந்த ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் தெரியும்.

இதுவரை எல்லாரும் பேசுவது கொழுப்பைப் பற்றி. நான் கவலைப்படுவது மறுபக்கத்தைப் பற்றி. கொழுப்பு கூடுதலாக இருக்கும் உடலில், அதே எடைக்குள் தசை குறைவாக இருக்கிறது என்றுதான் பொருள். நெருக்கடி வந்தவுடன் ஊழியர் சேமநிதியில் கை வைப்பதைப் போல, நோய் வந்த உடல் தசையில் கை வைக்கிறது. கணக்கில் குறைவாக வைத்திருப்பவர் சீக்கிரம் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறார். பிஎம்ஐ 22 என்று எழுதப்பட்ட நம் பெரியவர், அதே 22 உள்ள ஓர் ஐரோப்பியரைவிடக் குறைந்த இருப்போடுதான் வார்டுக்குள் போகிறார்.

தோட்டத்து வேலை இருந்த காலத்தில் இது வெளியே தெரியவில்லை. விடியுமுன் எழுந்து, ஏற்ற இறக்கத்தில் மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைச் சுமந்த கால்கள் அவை. என் அம்மாவின் கெண்டைக்கால் கல்லாக இருந்ததை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்தபின் நடை நின்றது, தட்டில் குவியும் சோற்றின் அளவு மட்டும் நிற்கவில்லை.

குறிப்பு | மார்ச் 5

தசை குறைந்திருக்கிறதா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். ஸ்கேன் வேண்டாம். கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். ஆசிய நாடுகளின் தசைக்குறைவு ஆய்வுக் குழு 2019இல் வகுத்த வரம்புப்படி, இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசையின் திறன் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். கருவி வைத்திருக்கும் பிசியோவிடம் (உடலியக்க சிகிச்சையாளரிடம்) கைப்பிடி வலுவைப் பார்த்தால் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருப்பது குறைவு.

தையற்காரர் டேப் இருந்தால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளக்கலாம். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33க்கும் கீழே இருந்தால் மேலும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்ப வேண்டாம்.

குறிப்பு | மார்ச் 7

மருத்துவமனையில் மூன்று வேளையும் சாப்பாடு கொடுக்கிறார்களே, பிறகு எப்படிச் சத்துக் குறையும் என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். நான் மருத்துவமனை உணவுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். என்றாலும் இந்தக் கேள்விக்கு விடை எனக்கு வேலையிடத்தில் கிடைக்கவில்லை, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் என் அம்மாவின் கட்டிலருகே கிடைத்தது.

இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். மதியத் தட்டு வந்தது. ஒரு பிரிவில் சோறு, ஒன்றில் அவித்த கீரை, ஒன்றில் மொறுமொறுவென்று பொரித்த கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் துண்டு, ஓரத்தில் நறுக்கிய ஆரஞ்சு. தட்டு வைக்கப்பட்ட சக்கர மேசை அவர் கைக்கு எட்டாத இடத்தில், கட்டிலின் கால்மாட்டில் நின்றது. நான் நகர்த்திக் கொடுத்தபின் கீரைச் சாற்றைச் சோற்றில் பிசைந்து நான்கைந்து வாய் சாப்பிட்டார். மீனைத் தொடவில்லை. அவருடைய பல் செட் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வர் டம்ளருக்குள் இருந்தது. அவசரத்தில் யாருக்கும் அதை எடுத்துவரத் தோன்றவில்லை, வார்டில் யாரும் கேட்கவும் இல்லை. தட்டை எடுக்க வந்தவர் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் அடுக்கிக்கொண்டு போனார். உணவு வழங்கப்பட்டது என்று குறிப்பேட்டில் பதிந்திருக்கும். அந்த வேளையில் அம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய புரதம் அத்தனையும் அந்த மீனில் இருந்தது.

ஒருவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தாதிக்கு அன்று எத்தனை கட்டில்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் தட்டைக் கொடுப்பது ஒரு வேலை, அதில் எவ்வளவு உள்ளே போனது என்று பார்ப்பது இன்னொரு வேலை என்பதை ஏற்காதவரை இது மாறாது.

இரண்டாவது வேலையைச் சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில், சத்துக்குறைவு ஆபத்தில் இருந்த 2,088 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சாப்பாடு. மற்றப் பிரிவில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சக்தி, எவ்வளவு புரதம் என்று டயட்டீஷியன் (உணவு நிபுணர்) கணக்கிட்டு, சாப்பிட முடிகிறதா என்று பார்த்து, முடியாதவர்களுக்கு உணவை மாற்றியும் சத்துப்பானம் சேர்த்தும் அந்த அளவை எட்டச் செய்தார்கள். முப்பது நாளில் கடுமையான பாதிப்புகள் வழக்கமான பிரிவில் 26.9 விழுக்காடு, கவனிக்கப்பட்ட பிரிவில் 22.9. இறப்பு 9.9 விழுக்காட்டிலிருந்து 7.2 ஆனது. எஃபர்ட் என்ற பெயரில் 2019இல் வெளியான ஆய்வு இது. புது மருந்து ஒன்று இந்த எண்களைக் காட்டியிருந்தால் எல்லா நாளிதழிலும் முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

குறிப்பு | மார்ச் 8

மேலே சொன்ன ஆய்வைப் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாருக்கும் சத்துப்பானத்துக்கான பால் பவுடர் டின் வாங்கிவிடலாம் என்று இரண்டு பேர் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். அதே ஆய்வாளர்கள் பின்னர் தங்கள் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, உடலில் அழற்சி மிகக் கடுமையாக இருந்தவர்களுக்கு, அதாவது ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு 100க்கு மேல் இருந்தவர்களுக்கு, உணவுக் கவனிப்பால் இறப்புக் குறையவில்லை. நோய் கொழுந்துவிட்டு எரியும் நாளில் உடல் சோற்றையும் புரதத்தையும் தசையாக மாற்றிக்கொள்வதில்லை. அந்த நாள் கடந்தபின்தான் சாப்பாடு தன் வேலையைத் தொடங்குகிறது. உங்கள் அப்பா இப்போது அந்தக் கட்டத்தைக் கடந்து வீட்டில் இருக்கிறார் என்பதால், அவருக்கு இது ஏற்ற காலம்.

டின் வாங்குவதைப் பற்றி இன்னொரு பழைய ஆய்வைச் சொல்ல வேண்டும். பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 87 உள்ள நூறு பேரை நான்கு பிரிவாக்கினார்கள். சிலருக்குக் கால் வலுப்பயிற்சி, சிலருக்குச் சத்துப்பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை வலு இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியது, நடை வேகமும் ஏறியது. பயிற்சி இல்லாமல் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலு கூடவில்லை. 1994இல் வந்தது. முப்பது ஆண்டாகியும் நம் ஊரில் வயதானவருக்கு அன்பு காட்டுவது என்றால் டின்னோடு போய்ப் பார்ப்பதும், எழுந்திருக்காதீர்கள் என்று தடுப்பதுமாகவே இருக்கிறது.

குறிப்பு | மார்ச் 8, இரவு

தட்டில் எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு. சிறுநீரகம் நன்றாக இருக்கும் முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், நோயிலிருந்து மீண்டு வருகிறவருக்கு 1.2 முதல் 1.5 வரை போகலாம் என்பது முதியோர் ஊட்டச்சத்து நிபுணர்கள் 2013இல் தந்த பரிந்துரை. 58 கிலோ உள்ளவருக்குக் குறைந்தது 70 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. முள் நீக்கிய கெம்போங் மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20. தெம்பே (புளிக்கவைத்த சோயா கட்டி) 100 கிராமிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு குவளைப் பாலில் ஏழெட்டு. காலையில் இரண்டு முட்டையும் பாலும், மதியம் சோற்றோடு மீன், இரவில் தெம்பே என்றால் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். வராமல் போவது எங்கே என்றால், காலையில் இனிப்புப் போட்ட தேநீரில் பிஸ்கட், மதியம் ரசச் சோறு, இரவு கஞ்சி என்று போகும் நாளில். நோயாளிக்கு லேசாகக் கொடுக்க வேண்டும் என்று பாசத்தோடு சமைக்கப்படும் அந்த மூன்று வேளையிலும் சேர்த்து இருபது கிராம் தேறுமா என்பது ஐயமே. கஞ்சி கொடுங்கள், ஆனால் அதில் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறிக் கொடுங்கள். மீனைப் பொரிக்காமல் குழம்பில் வேகவைத்து உதிர்த்துக் கொடுங்கள். இக்கான் பிலிஸில் (நெத்திலிக் கருவாட்டில்) புரதம் உண்டு என்றாலும் உப்பும் அவ்வளவு உண்டு, அதை நம்பி இருக்க வேண்டாம்.

அரசு சொல்லும் சுக்கு சுக்கு செபாரோ (மலாயில் கால், கால், பாதி) தட்டு எனக்குப் பிடித்தமானதுதான். கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். ஆனால் பசியில்லாத முதியவருக்குப் பாதித் தட்டுக் காய்கறியை முதலில் வைத்தால் வயிறு அதிலேயே நிறைந்துவிடும். அவர்களுக்கு மீன் முதலில் போகட்டும்.

குறிப்பு | மார்ச் 10

சிறுநீரகம் பற்றி இத்தனை பேர் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நம் வீடுகளில் இனிப்பு நீரும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே வருகின்றன, ஆகவே மேலே எழுதிய கணக்கை எல்லாருக்கும் பொருத்திவிடக் கூடாது.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, ஆனால் டயாலிசிஸ் தொடங்காத, உடல்நிலை நிலையாக இருக்கும் இனிப்பு நீர் நோயாளிக்குக் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் புரதம் என்று 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. டயாலிசிஸ் தொடங்கியபின் அது 1.0 முதல் 1.2 ஆக உயர்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் வழியே கொஞ்சம் அமினோ அமிலம் வெளியேறிவிடுகிறது. இந்த மாற்றம் பல குடும்பங்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை. டயாலிசிஸ் தொடங்குமுன் மீனையும் முட்டையையும் குறை என்று சொல்லப்பட்டதை, தொடங்கியபின்னும் பல ஆண்டுகள் அப்படியே காப்பாற்றி, கை கால் குச்சியாகிப் போனவர்களை இந்த ஊர் டயாலிசிஸ் நாற்காலிகளிலேயே பார்த்திருக்கிறேன். நல்ல மனத்தோடு கடைப்பிடித்த பத்தியம் அது, அதனால்தான் இன்னும் வேதனையாக இருக்கிறது.

நிலையாக இருக்கும் நோயாளி என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். காய்ச்சலில் வார்டில் கிடக்கும்போது அந்தக் குறைந்த அளவையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்பது வேறு கேள்வி. நான் மேலே சொன்ன சுவிஸ் ஆய்வில், டயாலிசிஸ் இல்லாத சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத இலக்கைக் குறைத்தே வைத்தார்கள். அப்படியிருந்தும் அவர்கள் உணவுக் கவனிப்பால் நன்றாகவே பயனடைந்தார்கள். ஆகவே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருக்கிறது என்பதற்காக நோயாளியைப் பட்டினி போட இடமில்லை. அளவை டயட்டீஷியன் சொல்லட்டும், நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் நன்மை என்பதும் இல்லை. ஐ.சி.யூ.வில் சுவாச இயந்திரத்தில் இருந்த 1,301 நோயாளிகளில் ஒரு பிரிவுக்குக் கிலோவுக்கு 2.2 கிராம் அல்லது அதற்கு மேல் புரதம் கொடுக்க முயன்றார்கள், மற்றவர்களுக்கு 1.2க்குள். 2023இல் வந்த முடிவில், கூடுதலாகப் பெற்றவர்கள் சீக்கிரம் உயிரோடு வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களுக்கு அது கெடுதலாகக்கூட இருந்திருக்கலாம் என்று தரவு காட்டியது. ஐ.சி.யூ.வில் உறவினர் இருக்கும்போது, ஏன் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்று தாதியரிடம் சண்டை போடாதீர்கள்.

குறிப்பு | மார்ச் 11

ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைவு, முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள் என்று தங்கள் நோயாளிக்குச் சொன்னார்களாம், ஒருவர் எழுதியிருக்கிறார். அழற்சி இருக்கும்போது கல்லீரல் அல்புமின் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும், ரத்தக் குழாய்களிலிருந்தும் அது கசியும். ஆகவே அல்புமின் எண் நோயின் கடுமையைக் காட்டும், வயிற்றுக்குள் போன சாப்பாட்டைக் காட்டாது. முட்டை கொடுப்பது நல்லதே. எண் ஏறவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

குறிப்பு | மார்ச் 15

பேச்சு முழுவதும் இளைத்தவர்களைப் பற்றியே போய்க்கொண்டிருக்கிறது, பருமனாக இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லையா என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். அவர்களுக்குத்தான் இது கண்ணில் படாமல் போகிறது.

கனடாவில் புற்றுநோயாளிகளுக்கு எப்படியும் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனைக் கொண்டே, இடுப்பு முதுகெலும்பு ஒன்றின் மட்டத்தில் தெரியும் தசையை அளந்தார்கள். பருமனான 250 பேரில் 15 விழுக்காட்டினருக்குத் தசை மிகக் குறைவாக இருந்தது, அவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தார்கள். 2008இல் வெளியான இந்த ஆய்வுக்குப்பின் அதே வழியில் பலர் தொடர்ந்திருக்கிறார்கள். நம் ஊரில் 85 கிலோ அக்கா ஒருவர் கீமோவுக்குப் போய் 70 கிலோவாகத் திரும்பினால், நோய் ஒரு நன்மையும் செய்திருக்கிறது என்று ஆறுதல் சொல்வார்கள். சொல்லாதீர்கள்.

எடை குறைக்கும் ஊசியைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: செமாகுளுடைடு ஊசியின் முக்கியமான ஆய்வு 2021இல் வந்தது. 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. டெக்ஸா ஸ்கேன் எடுக்கப்பட்ட 140 பேரில், ஊசி போட்டவர்களுக்குக் குறைந்த கொழுப்பு 10.4 கிலோ, கொழுப்பல்லாத பகுதி 6.9 கிலோ. கொழுப்பல்லாத பகுதி முழுவதும் தசை ஆகாது, நீரும் உறுப்புகளும் அதில் சேர்த்தி. மொத்த உடலில் கொழுப்பல்லாத பகுதியின் விகிதம் சற்று உயரவே செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். இளவயதினர், உண்மையிலேயே பருமனானவர், டாக்டர் மேற்பார்வையில் போட்டுக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. எழுபதைக் கடந்து, நாற்காலியிலிருந்து எழத் தடுமாறும் ஒருவர் பக்கத்து வீட்டார் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்வதைத்தான் அஞ்சுகிறேன்.

தசை விழுக்காடு காட்டும் வீட்டுத் தராசு பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடலில் உள்ள நீரைக் கொண்டு தசையை ஊகிக்கிறது. கால் வீக்கம் உள்ளவர், டயாலிசிஸ் செய்பவர் இருவருக்கும் அந்த ஊகம் தவறிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் அதில் ஏறவே கூடாது.

குறிப்பு | மார்ச் 19

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். அப்பா மூன்று முறைதான் எழுந்தார், நான்காவது முறை உட்கார்ந்துவிட்டார். கெண்டைக்கால் 31 சென்டிமீட்டர். கிளினிக்கில் மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள்.

மாத்திரை குறைந்தது எனக்குப் பெரிய நிம்மதி. மற்ற இரண்டும் அவருக்குக் கட்டாயம் கவனிப்பு வேண்டும் என்று காட்டுகின்றன. சுவிஸ் ஆய்வின் தொடர்ச்சியை இந்த இடத்தில் சொல்கிறேன். மருத்துவமனையில் கவனிக்கப்பட்ட அதே நோயாளிகளை ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இரண்டு பிரிவுகளுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லாமல் போயிருந்தது. வீட்டுக்குப் போனதும் அந்தக் கவனிப்பு நின்றுவிட்டது. முதல் மாதத்தில் கிடைத்த ஆதாயம் வீட்டுக்கு வந்தபின் கரைந்துபோனது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். வார்டில் மருத்துவர், தாதி, டயட்டீஷியன் என்று இத்தனை பேர் செய்ததை வீட்டில் தொடர வேண்டியவர் மகனோ மருமகளோதான், அவர்களிடம் மருந்துப் பையைக் கொடுத்து அனுப்புகிறார்களே ஒழிய, தட்டில் என்ன வைக்க வேண்டும் என்று யாரும் ஒரு தாள்கூடக் கொடுப்பதில்லை.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்கில்) எடை இறங்கிய கணக்கையும் நாற்காலிச் சோதனையையும் சொல்லி, டயட்டீஷியனுக்கும் பிசியோவுக்கும் கடிதம் தரச் சொல்லுங்கள். சிறுநீரக ரத்தப் பரிசோதனையின் கடைசி முடிவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், புரதக் கணக்கு அதைப் பொறுத்தது. இதற்கிடையில் உயரமான நாற்காலியிலிருந்து, மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் முடிந்த அளவு எழுந்து உட்காரட்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நிறுத்த வேண்டும். அவர் எழும்போது தோளைக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்.

குறிப்பு | மார்ச் 20

அப்பா பங்குனி உத்திரத்துக்கு விரதம் இருக்கப் போவதாகப் பிடிவாதமாக இருக்கிறார், தடுப்பதா வேண்டாமா என்று தம்பி கேட்கிறார். சைவமாக இருப்பதில் ஒரு தடையும் இல்லை. தெம்பே, தவ்வு (சோயா பன்னீர்), கெட்டியான பருப்பு, தயிர், பால் இவற்றைக் கொண்டே அவருடைய 70 கிராமை நிறைவு செய்யலாம், முட்டையை விட்டாலும் முடியும். வேளை தவிர்ப்பதைத்தான் ஏற்கமாட்டேன். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுவிட்டு இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பங்குனி வெயிலில் காவடிக்குப் பின்னால் நடப்பது, வார்டிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத உடலுக்கு ஆபத்து. கோயில் குருக்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், டாக்டர் சொன்னதைவிட அவர் சொன்னால் அப்பா கேட்பார். பால்குடம் எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் எடுங்கள், அவர் பந்தல் நிழலில் நாற்காலியில் இருந்து பார்க்கட்டும். அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்புமுன் சாப்பிட்டிருக்க வேண்டும், சட்டைப் பையில் இனிப்பு மிட்டாய் இரண்டு இருக்க வேண்டும்.